நாற்பத்தேழாம் நம்பர் சட்டை

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த லாண்டரியில் பன்னிரண்டு மணிக்கே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். அன்றைக்கும் இறக்கினார்கள். ஆனால் உள்ளே யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. துணி மடிக்கிற மேஜை மேல் கிடந்த போர்வைகளை வாரி மூட்டையில் போட்டுவிட்டு அந்த இடத்தில் லேப்டாப்பை வைத்திருந்தாள் கடைக்காரம்மாவின் மகள். வாசல் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க, கொடியில் தொங்கிய கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்துக் குறுக்கே மாட்டியிருந்தாள். பதினாறு வயசு. தெருவில் அவளுக்கு வாலு என்று பெயர். பெயருக்கு இன்றுவரை ஒரு குறையும் வைத்ததில்லை.

"அது வக்கீல் கோட்டு. எடுத்த இடத்துல மாட்டு" என்றாள் அம்மா.

"அஞ்சு நிமிஷம்மா."

"அரை நிமிஷம்கூடக் கிடையாது. கஸ்டமர் துணி திரைச்சீலை இல்ல."

அம்மாவை அந்த வட்டாரத்தில் கஞ்சியக்கா என்பார்கள். அவள் கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டையை நாற்காலியில் வைத்தால், உள்ளே ஆள் இல்லாமலே நிமிர்ந்து உட்காரும். வாயும் கிட்டத்தட்ட அப்படித்தான், மடங்காது. அந்தக் கடையில் கல்லில் செதுக்கின மாதிரி ஒரே ஒரு சட்டம் உண்டு. கஸ்டமர் துணி நம்ம கையில் படலாம், உடம்பில் படக் கூடாது. கடைக்கு வந்த அன்றே ஒவ்வொரு துணியின் கழுத்திலும் ஒரு மஞ்சள் டேக் ஊக்கால் குத்தப்படும். நகத்தின் அகலம்தான் இருக்கும், அதில் அழியாத மையில் அந்தக் கஸ்டமரின் நம்பர். துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, கடைசியாகக் கட்டுகிறபோது அந்த டேக்கைக் கழற்றுவது கஞ்சியக்காவின் கை. இருபது வருஷத்தில் ஒரு டேக்கும் அவளைத் தாண்டி வெளியே போனதில்லை.

அது இருக்கட்டும். அன்றைய சந்தோஷத்துக்குக் காரணம் வேறு. நூலக ஹாலில் மாசம் ஒரு தடவை கூடும் திரைப்பட வட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களைக் கேட்டிருந்தது. முப்பத்தொரு படம் வந்ததாம். அதில் ஒன்றே ஒன்றைப் பொறுக்கியிருக்கிறார்கள், அது வாலு எடுத்தது. சாயங்காலம் நாலு மணிக்குத் திரையிடல். முடிந்ததும் படம் கதையை எப்படிச் சொல்லியிருக்கிறது என்று ஒருத்தர் எழுந்து பிரித்துப் பிரித்துப் பேசுவார். கஞ்சியக்கா காலையிலிருந்து எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள், பால்காரரிடம் இரண்டு தடவை.

கஞ்சியக்காவின் வீட்டுக்காரர் பின்கட்டில் துணி அழுத்துகிற மெஷினின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஆவி புஸ் புஸ்ஸென்று கத்துகிற அறை அது. "நான் ஹால்லயே பெரிய திரையில பார்த்துக்கறேன். இப்பவே பார்த்துட்டா அங்க என்ன பாக்கி இருக்கும்?" என்று சொல்லிவிட்டார். அதனால் மேஜை முன்னால் மூன்று பேர்தான். கஞ்சியக்கா, வாலு, வாலுவின் அத்தை. அத்தை என்றால் வீட்டுக்காரரின் தங்கை. கஞ்சியக்காவும் அவளும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தோழியாக இருந்தவள் நாத்தனாராக ஆன நாள் முதல், வேண்டுமென்றே 'அண்ணி அண்ணி' என்று கூப்பிட்டு வம்பிழுப்பது அவள் வழக்கம்.

படம் தொடங்கியது. மழை. பஸ் நிறுத்தம். ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு முனையில் நெட்டையாக ஒரு பெண், மறுமுனையில் பையைத் தோளில் மாட்டிய பையன். பெண்ணின் முகம் தெரிகிறது. பையனின் முதுகுதான் தெரிகிறது. பேச்சில்லை. குடையிலிருந்து சொட்டுகிற சத்தம், பஸ் கதவு திறந்து மூடுகிற சத்தம், அவ்வளவுதான்.

"பேசவே மாட்டாங்களா?" என்றாள் அத்தை.

"பேசினா கெட்டுடும் அத்தை. பாருங்க."

அடுத்த காட்சியில் வெயில். அதே பெஞ்சு. கேமரா கீழே இறங்கிப் பையனின் காலணியைக் காட்டுகிறது.

"ஒரு நாள் ஆயிடுச்சு" என்றாள் கஞ்சியக்கா.

வாலு சட்டென்று திரும்பினாள். "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"சேறு காஞ்சிருக்கே. முதல்ல ஈரமா ஒட்டியிருந்துச்சு, இப்ப வெளுத்து வெடிச்சிருக்கு. ஒரு ராத்திரி காயணும் அப்படி ஆக." அடுத்த காட்சி வந்தது. "இப்ப தட்டி விட்டிருக்கான், கறை மட்டும் இருக்கு. மூணாம் நாள். சரியா?"

"அம்மா, எங்க கிளாஸ்ல நாப்பது பேர் பார்த்தாங்க. ஒருத்தர்கூடச் சொல்லலை." வாலுவுக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. "நாள் போகுதுன்னு எழுத்துப் போட்டுக் காட்டக் கூடாதுன்னு நினைச்சேன். சேறே சொல்லட்டும்னு விட்டேன்."

கஞ்சியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கறையைப் பார்த்து நாள் சொல்வது அவளுக்குச் சோறு தண்ணி மாதிரி. அதைக் கதைக்குள் கொண்டுபோய் வைக்கலாம் என்று இந்தச் சின்னக் கழுதைக்குத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தாள். பெஞ்சின் இரண்டு முனையிலும் இருந்தவர்கள் காட்சிக்குக் காட்சி ஒரு சாண் நகர்ந்து வந்தார்கள். யாரும் நகர்கிற மாதிரி காட்டவேயில்லை, நடுவில் இருக்கிற இடம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அத்தை வாயைப் பிளந்தபடி பார்த்தாள்.

கடைசிக் காட்சி. பையன் வெளிர் நீலச் சட்டையில் வந்து நிற்கிறான். மொடமொடவென்று இஸ்திரி போட்ட சட்டை. பஸ் வருகிறது. அவன் ஏறப் போகிறான், அவள் பின்னால் நிற்கிறாள். கேமரா அவன் பின்கழுத்துக்குப் போகிறது. காலருக்கு வெளியே மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்க்கிறது. அந்தப் பெண்ணின் கை மெல்ல நீண்டு, அவனுக்குத் தெரியாமல் அதைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொள்கிறது. பஸ் போய்விடுகிறது. அவள் கையை விரிக்கிறாள். டேக். நாற்பத்தேழு. படம் முடிந்தது.

கஞ்சியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நாப்பத்தேழு யாரு?" என்றாள். அவளுக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டாள்.

வாலு லேப்டாப்பை மூடப் போனாள்.

"பல் டாக்டர் சட்டைடி அது. பதினஞ்சு வருஷமா அந்த நம்பர் அவருது. அவர் கிளினிக் கோட்டு, துண்டு, விரிப்புன்னு நம்ம கடையில பாதி மெஷின் அவர் துணியிலதான் ஓடுது. ஒரு பொத்தான் நூல் நிறம் மாறினாலே திருப்பி அனுப்பறவர். அவர் சட்டையை எடுத்து ஊரான் வீட்டுப் பையனுக்கு மாட்டி விட்டிருக்கியே, உனக்குப் புத்தி எங்க போச்சு?"

"அரை மணி நேரம்தாம்மா. நீ ஆஸ்பத்திரி விரிப்பு எடுக்கப் போயிருந்தப்ப. உடனே திரும்பத் துவைச்சு, நானே இஸ்திரி போட்டு, நானே கட்டி வச்சுட்டேன். அவருக்கே தெரியாது."

"இன்னைக்குத் தெரியும். நாலு மணிக்கு எழுந்து பேசப்போறது யாருன்னு தெரியுமா?"

"திரைப்பட வட்டத்துத் தலைவர்."

"அந்தத் தலைவர்தான் பல் டாக்டர்."

வாலு அழைப்பிதழை எடுத்துப் பார்த்தாள். தலைவர் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது, பல் என்று போடவில்லை. அந்த மனுஷர் எந்தப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்க மாட்டாராம். கூட்டத்தோடு உட்கார்ந்து முதல் தடவையாகப் பார்த்துவிட்டு, அந்தச் சூட்டோடு எழுந்து பேசுவதுதான் அவருக்குப் பெருமை என்று நூலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

"அந்த இடத்தை வெட்டு. எவ்வளவு நேரம் வருது?"

"எட்டு செகண்ட். அதை வெட்டினா படமே இல்லம்மா. ரெண்டு பேர் பஸ்ஸுக்குக் காத்திருந்தாங்கன்னு மட்டும் இருக்கும். அதைப் பார்க்க நூலகத்துக்கு எதுக்குப் போகணும், பஸ் ஸ்டாப்புக்கே போகலாமே."

"அப்ப டேக்கையாவது கழட்டிட்டு எடுத்திருக்கலாம். அரை நிமிஷ வேலை."

"டேக்குக்காகத்தாம்மா அந்தச் சட்டையையே எடுத்தேன்" என்றாள் வாலு. "வெறும் டேக் குத்திப் பார்த்தேன், பொம்மை மாதிரி இருந்துச்சு. நம்ம கடைச் சட்டை, நம்ம கடை இஸ்திரி, நம்ம கடை டேக். அப்பத்தான் நிஜமா இருந்துச்சு."

"டேக்கை வச்சு எவளுக்காவது காதல் வருமா? எங்கருந்துடி உனக்கு இந்த யோசனை?"

அத்தை மெதுவாக எழுந்து, இல்லாத தூசியை மேஜையிலிருந்து தட்ட ஆரம்பித்தாள்.

கஞ்சியக்கா அவளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மழை, பெஞ்சு, ஒன்பதாம் நம்பர் பஸ் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் திரும்பி வந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு பஸ் நிறுத்தத்தில், இந்த நாத்தனாரின் அண்ணன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பொறந்தநாள் சட்டை என்று அளந்தான். அவன் திரும்பினபோது பின்கழுத்தில் மஞ்சள் டேக். லாண்டரிக்காரர் மகன், அப்பாவுக்குத் தெரியாமல் எவனோ கஸ்டமர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அதை அவன் அறியாமல் கழற்றிவிட்டாள். இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை. உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

"ஏன்டி, நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மாவே இருக்க மாட்டியா?"

"அண்ணி, புள்ள கேட்டா, எங்கம்மாவும் அப்பாவும் எப்படின்னு. நான் என்ன, பத்திரிகையிலயா போட்டேன்?" என்றாள் அத்தை. "மாமியாராட்டம் பேசாத. கஸ்டமர் துணின்னு இப்ப குதிக்கிறியே, அன்னைக்கு அந்தச் சட்டையைப் பார்த்துத்தானே விழுந்த?"

"சட்டையைப் பார்த்து விழலை" என்றாள் கஞ்சியக்கா. மேலே சொல்ல வந்ததை முழுங்கிவிட்டாள். பின்கட்டில் ஆவி புஸ்ஸென்று போனது. நல்ல வேளை, அந்தச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றி வைத்தாள். முகத்தைக் கழுவினாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு சொன்னாள். "படத்துல ஒரு செகண்டும் வெட்ட வேண்டாம். ஆனா ஓடறதுக்கு முன்னாடி நான் டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லிடறேன். அவர் போடக் கூடாதுன்னு சொன்னா போடக் கூடாது. அழக் கூடாது. சரியா?"

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு வாலு அழுதாள்.

மூன்றரைக்கே கிளம்பினார்கள். வீட்டுக்காரருக்கு விஷயம் எதுவும் தெரியாது. இருக்கிறதிலேயே நல்ல வேட்டியைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி முன்னால் நடந்தார். ஹால் நிறைந்துவிட்டது. வாலுவின் வகுப்பே வந்திருந்தது. நெட்டைப் பெண் ஒரு மூலையில் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். முதுகை மட்டும் கொடுத்து நடித்த பையன், நான்தான் ஹீரோ என்று எல்லாரிடமும் திரும்பி நின்று நிரூபித்துக்கொண்டிருந்தான். டாக்டரை மட்டும் காணோம். ஒரு அவசரப் பல், வந்துகொண்டிருக்கிறார் என்றார் நூலகர். கஞ்சியக்கா வாசலையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நாலு அடித்தது, விளக்கை அணைத்தார்கள், அதற்குப் பிறகுதான் யாரோ குனிந்தபடி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது நிழலாகத் தெரிந்தது. நடுவில் பதினெட்டு வரிசை. எழுந்து போக வழியில்லை.

படம் ஓடியது. பெரிய திரையில் அந்தச் சேறு கூட அழகாக இருந்தது. பெஞ்சில் இடைவெளி குறையக் குறைய ஹாலில் சிரிப்பும் பெருமூச்சும் கிளம்பின. கஞ்சியக்காவுக்குப் பயம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம், எது முன்னால் என்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்கழுத்துக் காட்சி வந்தபோது மொத்த ஹாலும் மூச்சைப் பிடித்தது. கை விரிந்தது, நாற்பத்தேழு என்றது, முடிந்தது. அப்படி ஒரு கைத்தட்டல். பக்கத்தில் வீட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை. கையைத் தூக்கிப் பின்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

விளக்கு எரிந்தது. டாக்டர் எழுந்து திரைப்பக்கம் போனார். அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்ததும் கஞ்சியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிர் நீலம். அதேதான்.

அந்த மனுஷர் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. அவ்வளவு உற்சாகம். "கடைசிக் காட்சியை நிறுத்தி வைங்க. அந்தக் கழுத்தை" என்றார். திரையில் கழுத்தும் டேக்கும் ஆளுயரத்துக்கு நின்றன. "முதல்ல ஒண்ணு சொல்லணும். ஒன்பது நிமிஷம், ஒரு வசனம் இல்ல. நாளை நமக்குச் சொல்றது ஒரு செருப்புச் சேறு. நெருக்கத்தைச் சொல்றது ஒரு பெஞ்சு. அப்புறம், பையன் முகத்தை ஒரு இடத்துலயும் காட்டலை. ஏன்? இயக்குநரே சொல்லட்டும். எவ்வளவு யோசிச்சு வச்ச விஷயம் இது."

வாலு எழுந்தாள். "சட்டை அவனுக்குத் தொளதொளன்னு இருந்துச்சு. முன்னாடி ஆறு துணி கிளிப் போட்டு இறுக்கியிருந்தோம். அதனால காட்ட முடியலை."

ஹால் வெடித்துச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். "கிளிப்பே நல்ல இயக்குநர்தான் போல. ஆனா பாருங்க, அதனாலதான் நாம அந்தப் பொண்ணு கண்ணாலயே அவனைப் பார்க்கறோம். இந்த டேக்கைக் கவனிங்க. இவனுக்கு வீட்ல முதுகைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்ல. நம்ம முதுகு நமக்குத் தெரியாது. இன்னொருத்தர்தான் பார்த்துச் சொல்லணும்." சொல்லிக்கொண்டே திரையின் பக்கம் திரும்பி டேக்கைச் சுட்டிக்காட்டினார்.

அவர் பின்கழுத்தில், காலருக்கு வெளியே, மஞ்சளாக ஒரு டேக் எட்டிப் பார்த்தது.

முதலில் ஒரு பிள்ளை களுக்கென்றது. அப்புறம் இரண்டு. அப்புறம் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. டாக்டருக்கு எதுவும் புரியவில்லை. நூலகர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் கையைப் பின்னால் விட்டு, தடவி, கழற்றிக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். நாற்பத்தேழு. நிமிர்ந்து திரையைப் பார்த்தார். சட்டையைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு அடங்கிப்போனது.

யாருக்கும் தெரியாமல் டேக்கை மறுபடி குத்தித் திரும்பத் துவைத்து, தானே இஸ்திரி போட்டு, தானே கட்டி வைத்தவள், அதை மட்டும் கழற்ற மறந்திருக்கிறாள், அவரும் இன்றுதான் அந்தச் சட்டையை எடுத்து மாட்டியிருக்கிறார். கடைசிக் கை கஞ்சியக்காவின் கையாக இல்லாமல் போன ஒரே சட்டை அதுதான்.

"நான்தான் எடுத்தேன் டாக்டர்" என்றாள் வாலு. காது மடல் சிவந்திருந்தது.

"நீ உட்காரு" என்று எழுந்தாள் கஞ்சியக்கா. "கடை என்னுது. உங்க சட்டையைத்தான் இந்தப் படத்துல மாட்டியிருக்கு. கேட்காம எடுத்தது தப்பு. படம் ஓடறதுக்கு முன்னாடி சொல்லத்தான் வந்தேன், உங்களைப் பிடிக்க முடியலை. நீங்க என்ன முடிவு பண்ணாலும் அது நியாயம்தான்."

டாக்டர் தனி ஆள் என்பது ஊருக்கே தெரியும். முதுகைப் பார்க்க ஆள் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னது இன்னும் அந்த ஹாலில் நின்றுகொண்டிருந்தது. டேக்கை விரலுக்கு நடுவில் உருட்டினார்.

"தப்புதான்" என்றார். "அதை வியாழக்கிழமை கடையில பேசிக்கலாம். எப்பவும் போலத் துணி எடுக்க ஆள் அனுப்புங்க. இனிமே என் சட்டை நடிக்கணும்னா முதல்ல என்கிட்ட கதை சொல்லணும்." கஞ்சியக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இப்ப படத்துக்கு வருவோம். எனக்கு ஒண்ணு மட்டும் பிடிபடலை. அந்தப் பொண்ணு டேக்கைக் கழட்டினா, சரி. அதை ஏன் அவன்கிட்டக் கொடுக்கலை? ஏன் சொல்லக்கூட இல்ல?"

வாலு யோசித்தாள். "தெரியலை டாக்டர். நடந்தது அப்படித்தான்" என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹாலும் திரும்பிப் பார்த்தது.

கஞ்சியக்கா இன்னும் உட்காரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கொடுத்திருந்தா அவனுக்கு மானம் போயிருக்கும். அடுத்தவன் சட்டைன்னு இவளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மறுநாள் வந்திருக்கவே மாட்டான். ஒரு நாளாவது இவ கண்ணுக்கு நல்லா இருக்கணும்னு, அப்பன்கிட்ட உதை வாங்கினாலும் பரவாயில்லன்னு மாட்டிக்கிட்டு வந்திருக்கான். நல்லா இருந்துட்டுப் போகட்டுமே. பஸ்ஸுல நாலு பேர் பார்த்துச் சிரிக்கக் கூடாதுன்னுதான் எடுத்தது. அவனுக்குத் தெரியணும்னு இல்ல."

டாக்டர் தலையை ஆட்டினார். "இதுக்கு மேல நான் பேச ஒண்ணுமில்ல" என்று சொல்லி, நாற்பத்தேழாம் நம்பர் டேக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் வாலுவும் அத்தையும் முன்னால் போட்ட கூச்சலில் தெரு இரண்டுபட்டது. வீட்டுக்காரர் பின்னால் மெதுவாக நடந்து வந்தார். கடை முனை வந்ததும் கேட்டார்.

"அப்ப உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"பொறந்தநாள் சட்டைன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அதுக்கு அடுத்த மாசமும் ஒரு பொறந்தநாள் வந்துச்சு உங்களுக்கு."

"இருபத்திரண்டு வருஷமா நான் உன்னை ஏமாத்திட்டதா நினைச்சுட்டு இருக்கேன்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, சிரிப்பும் இருந்தது. "அந்த டேக்கை என்ன பண்ண?"

"ஊக்கு டப்பாவுல இருக்கு. தினமும் அதைத் தள்ளிட்டுத்தான் ஊக்கு எடுக்கறீங்க."

மறுநாள் காலையில் கடை திறந்ததும் வீட்டுக்காரர் ஊக்கு டப்பாவை மேஜையில் கவிழ்த்தார். ஊக்குகளுக்கு நடுவில் நிறம் போன ஒரு மஞ்சள் துண்டு. பன்னிரண்டு. அதையும் ஒரு ஊக்கையும் கையில் எடுத்துக்கொண்டார். கஞ்சியக்கா பார்க்காத மாதிரி தலையணை உறைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பின்கட்டுக்குப் போய் ஆவியைத் திறந்துவிட்டு, ஷட்டரை முழுசாகத் தூக்க வாசலுக்கு வந்தார். பின்கழுத்தில் காலருக்கு வெளியே அந்தப் பழைய டேக் தொங்கியது.

முதல் கஸ்டமர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். கஞ்சியக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், பின்னாலிருந்து மெல்லக் கை நீட்டி அதைக் கழற்றினாள்.

இந்தத் தடவை அவர் திரும்பினார்.